பொம்மை செத்த மறுநாள்

தேனிக்கு நான் போனது ஒரு பொம்மைக்கு மூச்சு வரவைப்பதற்காக.

ஈப்போவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக்கூடத்தை நடத்துகிறேன். படிப்பால் நான் தாதி, அதாவது நர்ஸ். எங்கள் ஊர்த் தமிழர்கள் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுவார்கள். எங்கள் கூடத்தில் ஆளுயரப் பொம்மைகள் இருக்கின்றன. கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து நான் பொத்தானை அழுத்தினால் அவற்றின் நெஞ்சு ஏறி இறங்கும், நாடி துடிக்கும், கண்பாவை சுருங்கும். நான் மைக்கில் முனகினால் பொம்மை முனகும். மருத்துவ மாணவர்கள் உயிருள்ள நோயாளியைத் தொடுவதற்கு முன் இவற்றிடம் தப்புச் செய்து பழகுகிறார்கள்.

தேனிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி அதே மாதிரிப் பொம்மை ஒன்றை வாங்கி வைத்திருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர்தான் யாரும் இல்லை. அங்கே மயக்க மருந்துத் துறையில் பேராசிரியையாக இருக்கும் டாக்டர் அமலி ஒரு இணையக் கூட்டத்தில் என்னைச் சந்தித்தார். "அஞ்சு நாள் வந்துட்டுப் போங்களேன்" என்றார். என் அப்பாவின் அப்பா விட்டுக் கப்பலேறிய நாட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை மதுரையிலிருந்து கல்லூரி ஜீப்பில் என்னை அழைத்துப் போனவர் சின்னச்சாமி. ஐம்பது வயது இருக்கும், பல வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று ஜீப்பை ஒரு பக்கமாகத் தள்ளியது. வரிசையாகக் காற்றாலைகள் சுற்றின. எங்கள் ஊரில் காற்று இப்படி வீசினால் பின்னாலேயே மழை கொட்டும். இங்கே வெயில்தான் கொட்டியது.

பொம்மை ஒரு பூட்டிய அறையில் இருந்தது. பெட்டியின் மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. சாவி வைத்திருந்த ஸ்டோர் கீப்பர் பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஏதாச்சும் ஒடஞ்சா நாந்தேன் பதில் சொல்லணும். அதான் தொடவே இல்ல" என்றார்.

ஆனால் எலி தொட்டிருந்தது. நுரையீரலுக்குப் போகும் குழாய் ஒன்றில் பல் பட்ட தடம். ஆக்சிஜன் முகமூடியின் குழாயை வெட்டி ஒட்டுப் போட்டேன். பேட்டரியை மாற்றி, மென்பொருளை ஏற்றி, மாலை ஐந்து மணிக்குப் பொத்தானை அழுத்தியபோது நெஞ்சு மெல்ல எழுந்து தாழ்ந்தது. அறையைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி. நான் ஈப்போவிலேயே எழுதிக்கொண்டு வந்த காட்சி இது: திராட்சைத் தோட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளித்த தொழிலாளி ஒருவர் மயங்கி விழுந்து அவசர சிகிச்சைக்கு வருகிறார். வாயில் எச்சில் வழிகிறது, நாடி தளர்கிறது, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது. மாணவர்கள் விஷத்தைக் கண்டுபிடித்து அதை முறிக்கும் அட்ரோபின் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பிழைப்பார். நோயாளியின் அண்ணனாக நடிக்கச் சின்னச்சாமியைக் கேட்டேன்.

அவர் நான் எழுதிய வசனத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பூச்சிக்கொல்லின்னு இங்கன யாரும் சொல்ல மாட்டாக மேடம். மருந்துன்னுதேன் சொல்லுவாக. மருந்து அடிக்கப் போனாக, மருந்து ஏறிருச்சு, மருந்தக் குடிச்சிட்டாக. எல்லாத்துக்கும் மருந்துதேன்."

எனக்குத் தெரிந்த மருந்து ஆளைப் பிழைக்கவைப்பது மட்டும்தான். "சரி, உங்கள் மாதிரியே சொல்லுங்கள்" என்றேன்.

ஐந்து மாணவர்கள் உள்ளே வந்தார்கள், வகுப்பின் மற்றவர்கள் பின்சுவரோரம் நின்று பார்த்தார்கள். தலைமை ஏற்றவள் ஸ்ருதி. சென்னைப் பெண், வகுப்பில் முதலிடம். ஒரு தாதி பாடம் எடுக்க வந்திருப்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை என்பது அவள் என்னைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பொம்மையின் தலைமாட்டில் மூச்சுப் பையைப் பிடித்து நின்றவன் அருண்பாண்டி. ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல். காலையில் பெயரைக் கேட்டபோது இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

சின்னச்சாமி தலைதெறிக்க ஓடிவந்தார். "டாக்டர்! எந்தம்பிக்கு மருந்து ஏறிருச்சு டாக்டர்! நொரையா தள்றாப்ல!"

நானே ஒரு கணம் எழுந்துவிட்டேன். இந்த மனிதர் எத்தனை பேரை இப்படி உண்மையாகவே கொண்டுவந்து இறக்கியிருப்பார் என்று தோன்றியது.

"என்ன மருந்து சாப்பிட்டார்? மாத்திரை அட்டை இருக்கா?" என்று கேட்டாள் ஸ்ருதி.

"அட்டையா? டின்னு தோட்டத்துலயே கெடக்கு டாக்டர்!"

அவள் மாத்திரையின் பின்னாலேயே போனாள். சர்க்கரையைச் சோதிக்கச் சொன்னாள், வயிற்றைக் கழுவலாமா என்றாள், ஸ்கேன் எடுக்கலாமா என்றாள். நான் நாடியை இறக்கிக்கொண்டே வந்தேன். எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. ஐந்து பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஸ்ருதி திரும்பி, "அருண், நீ சொல்லு, என்ன பண்ணலாம்?" என்று கத்தினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. மூச்சுப் பையை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தான்.

நான்காவது நிமிடம் திரையில் கோடு நேரானது.

பொம்மையைச் சாகவிடலாமா கூடாதா என்று எங்கள் துறையில் ஓயாத சண்டை உண்டு. நான் சாகவிடும் கட்சி. இங்கே செத்தால்தான் வார்டில் பிழைக்கவைப்பார்கள் என்பது நான் வருடக்கணக்காகச் சொல்லிவந்த பேச்சு.

பிறகு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தேன். நேராக அருண்பாண்டியைப் பார்த்தேன்.

"தலைமாட்டில் நின்றது நீங்கள். கண் உங்களுக்கு நேராக இருந்தது. நாலு நிமிஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"சொன்னேன் மேடம்."

"யார் காதில் விழுந்தது?"

மற்ற நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருக்கும் கேட்கலன்னா நீங்க சொல்லலன்னுதான் அர்த்தம். வார்டில் இப்படி நின்றால் ஆள் செத்துப்போவார்."

பின்னால் ஒருவன் சிரித்தான். அருண்பாண்டி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. பதிவான காட்சியைப் போட்டுக் காட்டவேண்டிய திரை இருண்டுவிட்டதால் வகுப்பை அத்தோடு முடித்துக்கொண்டேன். கேன்டீனில் டாக்டர் அமலி பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். வெல்லமும் சுக்கும் மணக்கும் சூடான பால், தொண்டைக்கு இதமாக இருந்தது. "அந்தப் பையனை அவ்வளவு கேட்டிருக்க வேணாமோ?" என்றார் தயக்கத்துடன். "இப்போ வலிச்சால்தான் மறக்க மாட்டார்" என்றேன். அதைச் சொன்ன தோரணை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

புதன்கிழமை காலை எட்டரைக்கு டாக்டர் அமலி விருந்தினர் விடுதிக் கதவைத் தட்டினார். தலைகூட வாரியிருக்கவில்லை.

"அருண்பாண்டியக் காணோம்."

விடுதியில் இல்லை. போன் அணைந்திருக்கிறது. அவனுடைய அறைத் தோழனைச் சின்னச்சாமி கையோடு கூட்டி வந்திருந்தார். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னான்: "நேத்து சாயங்காலமே கிளம்பிட்டான் மேம். என்னத் தவிர யார்கிட்டயும் பேசல. சின்னமனூர்ல மருந்து வாங்கிட்டு, காலைல முத பஸ்ஸுல மேல போறேன்னான்."

எனக்கு உயிர் வந்தது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, மருந்து வாங்கிப் போயிருக்கிறான், அவ்வளவுதானே. அதைச் சொல்லத் திரும்பியபோது சின்னச்சாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மருந்துன்னு சொன்னாப்லயா?" என்றார் மெதுவாக.

"கேக்கலண்ணே."

அப்போதுதான் அந்தச் சொல் எனக்கு மறுபக்கம் திரும்பியது. 'மேலே போகிறேன்' என்பதும் கூடவே திரும்பியது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேலன்னா மேகமல மேடம்" என்றார் சின்னச்சாமி. "அவுக வீடு அங்கனதேன். அம்மா தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுக்காக. மேல போயிட்டா சிக்னல் இருக்காது. நேர்ல போனாத்தேன் உண்டு."

எஸ்டேட் அலுவலகத்துக்கு டாக்டர் அமலி போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்தில் மூவரும் ஜீப்பில் இருந்தோம்.

வீரபாண்டி தாண்டி முல்லையாறு கூடவே வந்தது. நெல்லும் வாழையும் தென்னையுமாகக் கண்ணை நிறைக்கும் பள்ளத்தாக்கு. வேறு நாளாக இருந்தால் நூறு படம் எடுத்திருப்பேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வழியில் வந்த உரக்கடைப் பலகைகள்தான். ஒவ்வொன்றிலும் 'பூச்சி மருந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

சின்னமனூரில் சின்னச்சாமி வண்டியை ஓரங்கட்டினார். டாக்டர் அமலியின் போனில் இருந்த வகுப்புப் படத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினார். மருந்துக்கடைகள் ஏழெட்டு இருந்தன. அவர் முதலில் போனது உரக்கடைகளுக்கு. முதல் கடையில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பாத்த மொகந்தேன். நேத்து வந்தாப்லயா, போன வாரமா, தெரியலயே. நெதம் எத்தன பேரு வாராக."

பக்கத்து டீக்கடையில் இரண்டு ஏலக்காய் வியாபாரிகள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று சின்னச்சாமியைக் கேட்டேன். எதையாவது கேட்க வேண்டியிருந்தது. "மேல மழ பிடிச்சா ரோடு போயிரும், அந்திக்குள்ள எறங்கிறணும்னு பேசிக்கிறாக" என்றார். ஒரு தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை வாங்கி என் மடியில் வைத்தார். "வெறும் வயித்தோட வராதிக மேடம். மேல ஒண்ணும் கெடைக்காது." கறுத்த பழங்களின் மேல் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. அது பழத்துக்கு இயல்பானது என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு பழத்தைக்கூட வாயில் வைக்க முடியவில்லை.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் வனக்காவலர் வண்டி எண்ணை எழுதிக்கொண்டார். "ஆறு மணிக்குள்ள எறங்கிருங்க. அதுக்கு மேல ஆனைப் பாதை" என்றார்.

பிறகு வளைவுகள். ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் ஒரு பூவின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வளைவில் ஜீப்பின் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. சின்னச்சாமி குடத்தைத் தூக்கிக்கொண்டு பாறையில் வழிந்த தண்ணீரைத் தேடிப் போனார். ஆறும்வரை மூடியைத் திறக்க முடியாது. காத்திருக்கத்தான் வேண்டும்.

டாக்டர் அமலி கைப்பையிலிருந்து போனை எடுத்தார். முந்தைய நாள் காட்சியைப் பதிவுசெய்தது அவருடைய போன்தான். பொம்மையின் அருகில் ஒரு தாங்கியில் வைத்திருந்தோம். "நேத்து இதப் பாக்கவே இல்ல. பாப்போமா?" என்றார். ஆளுக்கு ஒரு இயர்போன் மாட்டிக்கொண்டோம்.

சின்னச்சாமியின் அலறல். ஸ்ருதியின் கேள்வி. அதற்குப் பின்னால், மிக அருகில், தெளிவாக ஒரு குரல்: "பூச்சி மருந்து. அட்ரோபின் போடணும்."

அரை நிமிடம் கழித்து மறுபடி: "கண்ணப் பாருங்க. பூச்சி மருந்துதேன்."

மூன்றாவது தடவை அவன் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. "ஸ்ருதி! அட்ரோபின்!" என்று கத்தியே இருக்கிறான். அதே நேரம் எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. அவள் திரும்பவில்லை. அதன் பிறகுதான் அவன் அமைதியாகிவிட்டான். அவள் கேட்டபோது அவன் வாயைத் திறக்காதது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. மூன்று தடவை சொன்னவன், நான்காவது தடவையும் சொல்ல வேண்டுமா என்று நின்றிருக்கிறான்.

"மூணாவது தடவ சொல்றப்போ எனக்குக்கூடக் கேட்டிருக்கணுமே" என்றேன். "ஹெட்போன் போட்டிருந்தேனே."

டாக்டர் அமலி காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். "அப்போ நீங்க என்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க" என்றார் பிறகு. "பிரஷரை இன்னும் இறக்கலாமான்னு கேட்டீங்க. ஹெட்போனக் கழுத்துல எறக்கி விட்டிருந்தீங்க."

பாறையில் தண்ணீர் வழியும் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி ஆறிய அந்த இருபது நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுதத் தெரியவில்லை. அவன் போன் அணைந்திருக்கிறது, கையில் ஒரு மருந்து இருக்கிறது, நான் இங்கே ஒரு கொதித்த வண்டியின் பக்கத்தில் நிற்கிறேன். இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

உச்சிக்குப் போகும் பாதை பெயரளவுக்குத்தான் பாதை. கல்லும் குழியுமாகக் குலுக்கி எடுத்தது. மேலே ஏறியதும் பச்சைக் கம்பளமாகத் தேயிலை, நடுவே அணைநீர், மூடுபனி. எங்கள் நாட்டுக் கேமரன் மலையில் இதே காட்சியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அங்கே இதற்கு எதிரே ஸ்ட்ராபெரி கடையும் வாகன நெரிசலும் இருக்கும். இங்கே ஆளரவமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

தொழிலாளர் லயன் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்தன. அருண்பாண்டியின் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வாசலில் ஒரு பெண் மரவள்ளிக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அருண்பாண்டி வந்தாப்லயா ஆத்தா?" என்று கேட்டார் சின்னச்சாமி.

"காலைலயே வந்தானே. மருந்த எங்கிட்டக் குடுத்துட்டு அணைப் பக்கம் போனான். நீங்க யாரு?"

"மருந்தையா? எங்க, காட்டுங்க!" டாக்டர் அமலி கத்தியேவிட்டார்.

அந்தப் பெண் பயந்துபோய் உள்ளே ஓடி ஒரு காகிதப் பையை எடுத்துவந்தார். டாக்டர் அமலி அதைப் பிடுங்கிக் கவிழ்த்தார். சர்க்கரை மாத்திரை ஆறு அட்டை. தைராய்டு மாத்திரை ஒரு டப்பா. இருமல் மருந்து ஒரு பாட்டில். அவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனால் சின்னச்சாமி உட்காரவில்லை. "அணைப் பக்கம் எதுக்குப் போனாப்ல?" என்று கேட்டார்.

"அதத் தெரியலயே. ஒரு மாதிரி மொகத்த வச்சிருந்தான். டீ குடுத்தேன், வேணாம்னுட்டான்."

நாங்கள் ஓடினோம். எனக்கு நாற்பத்தாறு வயது, முழங்கால் வலி உண்டு. சரிவில் இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன். அணைக்கரையில் பனி இறங்கியிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சின்னச்சாமி வாய்க்கு இருபுறமும் கையை வைத்து, "ஏலே அருணு!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். எதிர்ச்சரிவில் ஒரு நாய் குரைத்தது.

பனி கொஞ்சம் விலகியபோது, கரை திரும்பும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை தெரிந்தது. கொழுந்து எடை போடும் இடம். பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, தலையில் கொழுந்து மூட்டையைச் சுமந்தபடி, சட்டையெல்லாம் ஈரமாக, அருண்பாண்டி நின்றுகொண்டிருந்தான்.

எங்களைப் பார்த்ததும் மூட்டையை இறக்கினான். "மேம்? நீங்க எங்க இங்கன?"

டாக்டர் அமலி அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "போன எடுக்க மாட்டியா? யார்கிட்டயாவது சொல்லிட்டு வர மாட்டியா?" குரல் உடைந்துவிட்டது.

"போன் நேத்து ராத்திரி மழையில நனைஞ்சு போச்சு மேம். அம்மாவுக்கு மாத்திர தீந்துருச்சு. அதான்..." என்று இழுத்தான்.

அவன் அம்மா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே முன்னால் வந்தார். ஒட்டிய கன்னம், கொழுந்துக் கறை படிந்த விரல்கள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எம்புள்ள என்ன தப்புப் பண்ணிட்டான்? காலேஜுலருந்து இம்புட்டுத் தூரம் வந்துருக்காகளே!"

அதற்குப் பதில் சொல்லவேண்டியது நான்தான்.

"தப்பு அவர் பண்ணலம்மா. நான் பண்ணேன். அவர் சரியாச் சொன்னதை நான் கேட்கல. கேட்காம எல்லார் முன்னாலயும் திட்டிட்டேன்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "அதுக்கா மல ஏறி வந்திக? நா வேற என்னமோன்னு பதறிட்டேன்" என்று மகன் முதுகில் ஒரு அடி வைத்தார். பிறகு, அடித்த கையாலேயே அவன் முதுகைத் தடவினார்.

லயனுக்குத் திரும்பியதும் வேகவைத்த மரவள்ளியும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும் பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் கொடுத்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத நாங்கள் மூவரும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டோம். காரம் கண்ணில் நீராக வந்தது. அது காரம் மட்டும்தானா என்று சொல்ல மாட்டேன்.

அருண்பாண்டியும் நானும் வாசலில் தனியாக நின்றபோது கேட்டேன்: "வேறு எதுவும் நினைச்சீங்களா?"

அவன் தேயிலையைப் பார்த்தபடி பதில் சொன்னான். "சாகணும்னு நெனைக்கல மேடம். படிப்ப விட்டுறலாம்னு நெனச்சேன். எங்கப்பா இதே எஸ்டேட்டுலதேன் மருந்து அடிக்காக. ஒரு தடவ ஏறிருச்சு. கீழ கொண்டு போறதுக்குள்ள பாதி உசுரு போச்சு. அந்தக் கண்ண நா பாத்துருக்கேன். பொம்மைக்கும் அதே கண்ணு. அதான் ஒடனே தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் காப்பாத்த முடியலன்னா நா எதுக்கு டாக்டரு?"

"சாகவிட்டது நான். பொத்தான் என் கையில் இருந்தது" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா தெரியவில்லை. "வார்டுக்கு வாரேன் மேடம். அந்த ரூமுக்கு மட்டும் வரமாட்டேன்" என்றவன், சற்றுப் பொறுத்து, "நீங்க ஒரு தடவ உள்ள நின்னு பாருங்க. நா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன்" என்றான்.

சரி என்றேன்.

அருண்பாண்டியையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பாதையின் நடுவே ஒரு காட்டுமாடு வழிமறித்து நின்றது. கால் மணி நேரம் அசையவில்லை. ஹாரன் அடிக்கக் கூடாது என்று சின்னச்சாமி விளக்கை அணைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். சாவடியை நாங்கள் அடைந்தபோது காவலர் கம்பத்தை இறக்கிக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை முதலில் பதிவைப் போட்டேன். மூன்று தடவையும் அவன் குரல் அறைக்குள் கேட்டது. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும், இன்று உள்ளே நிற்கப்போவது நான்தான் என்பதையும் சொன்னேன். அன்று சிரித்தவன் காலை மாற்றி மாற்றி நின்றான். ஸ்ருதி எழுந்து, "எனக்கு அந்த வார்த்தை புரியலன்னு கேட்டிருக்கணும். கேட்கத் தோணல. சாரி அருண்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அஸிஸ்ட் பண்ண நான் வரவா மேடம்?" என்றாள்.

உள்ளே போனேன். இந்தக் காட்சியைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். உள்ளே நிற்பது வேறு. முப்பது ஜோடிக் கண்கள் முதுகில் குத்தின. சின்னச்சாமி பொம்மையைத் தள்ளுக்கட்டிலில் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ஈப்போவில் பொம்மைக்கு எப்போதும் ஆஸ்பத்திரி அங்கிதான். இங்கே செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அருண்பாண்டி அதற்குச் சின்னச்சாமியின் பழைய காக்கிச் சட்டையை மாட்டி, நனைத்து அனுப்பியிருந்தான்.

கையுறை போட்டேன். வாயிலிருந்து எச்சிலை உறிஞ்சி எடுக்கச் சொன்னேன். ஆக்சிஜன் வைத்தேன். கண்பாவை பார்த்தேன். "அட்ரோபின்" என்றேன், உரக்க. ஸ்ருதி போட்டாள். நாடி ஏறியது. அப்பாடா என்று நினைக்கும்போதே மறுபடி இறங்கியது. இரண்டு மடங்கு போடச் சொன்னேன். ஏறியது, இறங்கியது. மறுபடி இரண்டு மடங்கு. இறங்கியது. மணி அடிக்கத் தொடங்கியது.

எனக்குப் புரியவில்லை. எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறேன். எதையோ விட்டிருக்கிறேன். எதை? கையுறைக்குள் விரல்கள் வியர்த்து வழுக்கின. திரையில் எண்கள் கீழே போய்க்கொண்டே இருந்தன. கண்ணாடியைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் இருட்டு. அவன் முகம் தெரியவில்லை. அவன் கை எந்தப் பொத்தானின் மேல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் என் கை இருந்தது.

அப்போது பொம்மையின் தொண்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. தாழ்ந்த குரல்தான். ஆனால் அந்த அறையில் அப்போது வேறு யாரும் பேசவில்லை.

"தாயி... சட்ட நனஞ்சிருக்கு தாயி. மேலெல்லாம் எரியுதே."

குனிந்து பார்த்தேன். காக்கிச் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. தெளித்த விஷம் ஊறிய சட்டை. நான் போடும் மருந்து ஒரு பக்கம் ஏற, விஷம் மறுபக்கம் தோல் வழியாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. என் பொம்மைக்கு இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடச் சட்டை போட்டதில்லை.

"கத்தரிக்கோல்!" என்றேன். ஸ்ருதி ஏற்கெனவே வெட்டத் தொடங்கியிருந்தாள். யாரும் சொல்லாமலே இரண்டு பேர் கையுறை மாட்டிக்கொண்டு சோப்பும் வாளியுமாக ஓடிவந்தார்கள். கழுவினோம். நாடி ஐம்பதானது, அறுபதானது, எண்பதில் நின்றது. மணி ஓய்ந்தது. சின்னச்சாமி தன் வேடத்தை மறந்து, "பொழச்சுக்கிட்டாகய்யா!" என்று கைதட்டினார்.

நான் போய் வட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கையுறையைக் கழற்றினேன். கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு அருண்பாண்டி வந்தான். செவ்வாய்க்கிழமை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டையைப் பற்றித்தான் கேட்பான் என்று நினைத்தேன். ஏன் கழற்றவில்லை என்று கேட்க அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"உள்ள நிக்கிறப்போ எப்படி இருந்துச்சு மேடம்?" என்று கேட்டான்.

பயிற்சி முடிந்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான். ஆசிரியர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது. அவனிடம் நான் அதைக் கேட்கவே இல்லை.

"பயமா இருந்துச்சு" என்றேன். "ரொம்பப் பயமா இருந்துச்சு."

அவன் தலையசைத்துவிட்டு, மேலே சொல்லட்டும் என்று காத்திருந்தான்.